உப்புக்காற்றில் நின்ற வண்டியும் சேற்றில் ஓடிய வண்டியும்

போன ஆனி மாதம் சித்தப்பா மகன் ஒரு போட்டோ அனுப்பினான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீடு, அதன் கார் போர்ச்சில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. 2019 மாடல், ஒரே ஓனர், மீட்டரில் 11,000 கிலோமீட்டர். ஓனர் வாங்கின முதல் வருஷம் ஆசை தீர ஓட்டிவிட்டு மஸ்கட் போய்விட்டாராம், அப்புறம் லீவுக்கு வரும்போது மட்டும்தான் எடுப்பாராம். "அண்ணே, புது வண்டி மாதிரி இருக்கு. ஆனா நெட்ல எல்லாரும் திட்டுதாவ. வாங்கலாமா?" என்று கீழே எழுதியிருந்தான்.

மூன்று ராத்திரி தூங்காமல் படித்திருக்கிறான். கோன் செட் போகுமாம், கிளட்ச் போகுமாம், சிக்னலில் ஆஃப் ஆகுமாம், சேஸிஸில் விரிசல் விடுமாம். ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டான். அந்தப் பட்டியலில் இருந்தது எல்லாம் ஹிமாலயன் என்கிற பெயரைப் பற்றியது. முட்டத்தில் நிற்கிற அந்த ஒரு வண்டியைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கடலுக்கு நேரே நிற்கிறது, வருஷக்கணக்காக ஓடவில்லை என்ற இரண்டு விஷயங்களையும் அவன் நல்ல குறிப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தான். 'புது வண்டி மாதிரி' என்றதன் அர்த்தம் அதுதான். எனக்குப் பயம் வந்ததே அந்த இடத்தில்தான்.

முதலில் அந்தப் புகார்களைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம், ஏனென்றால் அதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய அட்வெஞ்சர் பைக் (மலை, காட்டுப் பாதைக்கும் போகிற மாதிரி செய்த வண்டி) வாங்க நினைக்கிற யாரும் செய்கிற முதல் வேலை மாடல் பெயரைப் போட்டுத் தேடுவதுதான். தேடினால் வருவது கெட்ட செய்தி மட்டும்தான். வண்டி நன்றாக ஓடுகிறவன் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து 'இன்றைக்கும் ஸ்டார்ட் ஆனது' என்று எழுதமாட்டான். நிறைய விற்ற வண்டிக்கு நிறையப் புகார் இருக்கும், கொஞ்சமாக விற்ற வண்டிக்குப் புகாரே இருக்காது. அதை வைத்து இரண்டாவது வண்டி உறுதியானது என்று முடிவு கட்டினால், திருச்செந்தூர் கூட்டத்தில் காய்ச்சல்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் ஊரில் வீட்டோடு இருப்பதே ஆரோக்கியம் என்று சொல்வது போலத்தான்.

இன்னொன்று, ஒரே பெயருக்குள் பல வண்டிகள் ஒளிந்திருக்கும். ஹிமாலயன் 2016 மார்ச்சில் வந்தபோது கார்புரேட்டர் வண்டி, பிஎஸ்3 என்கிற பழைய புகை விதிப்படி செய்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்3 வண்டிகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, அதே வருஷம் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனோடு பிஎஸ்4 வண்டி வந்தது. 2018-இல், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் சேர்ந்தது. 2020 ஜனவரியில் பிஎஸ்6, பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்து வைக்கும் சுவிட்சோடு. 2023-இல் 411 நின்று, நவம்பரில் முற்றிலும் வேறு இன்ஜின் போட்ட 450 வந்தது. சித்தப்பா மகன் படித்த புகாரில் பாதிக்கு மேல் முதல் வருஷத்துக் கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றியது. அவன் பார்க்கப் போவது 2019. ஒரு புகாரைப் படித்தால் அது எந்த வருஷ வண்டி, எத்தனை கிலோமீட்டரில் வந்தது, சரிபண்ண என்ன ஆனது, வண்டி வழியில் நின்றதா அல்லது வீடு வரைக்கும் வந்ததா என்று பார்க்க வேண்டும். இதில் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

கோன் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில் இருக்கிற பேரிங். முன்னால் 21 அங்குலச் சக்கரம், நீளமான ஃபோர்க், அதோடு நம் ஊர்ப் பள்ளங்கள் எல்லாம் சேர்ந்தால் அது தேயாமல் எப்படி இருக்கும்? சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்பினால் நடுவில் 'கடக்' என்று ஒரு இடத்தில் உட்காரும். உட்கார்ந்தால் போய்விட்டது என்று அர்த்தம். மாற்ற அரை நாள் வேலை, செலவும் பையைக் கிழிக்காது. அது போனாலும் வண்டி மெதுவாக வீடு வந்து சேரும். நெட்டில் மிக அதிகமாகத் திட்டு வாங்குகிற கோளாறு இது, வாங்குகிறவன் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் இதுதான். விலை பேசும்போது சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஃப்யூவல் பம்ப் அப்படி இல்லை. முன்கூட்டி எதுவும் சொல்லாது. காளிகேசம் போகிற காட்டுப் பாதையில் போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்தில் இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அமைதியாகிவிடும். கார்புரேட்டர் காலத்தில் கழற்றித் துடைத்து ஊதிவிட்டு ஓட்டலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் போனால் வண்டியை ஏற்றிப்போக டாடா ஏஸுக்கு போன் பண்ணுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற ஸ்டேட்டர், ரெக்டிஃபையர், இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குப் போகிற கனெக்டர் எல்லாம் இந்த ரகம்தான். இவையெல்லாம் தேய்ந்து கெடுவதைவிட ஈரத்திலும் அரிப்பிலும் சூட்டிலும் கெடுவதுதான் அதிகம். அதனால்தான் வண்டி எங்கே ஓடியது என்பதைவிட எங்கே நின்றது என்று கேட்கச் சொல்கிறேன்.

உப்புக்கு வருவோம். 2020-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயன் மூன்றும் சேர்த்துச் சுமார் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இங்கே இல்லை, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தென் கொரியாவிலும். அங்கே குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்பு, பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பருக்குள் புகுந்து அரித்து, பிரேக் விட்ட பிறகும் பேட் முழுசாக விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உடனே குளச்சலும் மண்டைக்காடும்தான் ஞாபகம் வந்தன. அங்கே லாரி வைத்துத் தூவுகிறார்கள். இங்கே ஆனி ஆடியில் கடல் பொங்கும்போது காற்றே தூவிவிட்டுப் போகிறது. நம் மாவட்டத்துக்கு நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம் கடற்கரை. ஜன்னல் கம்பியும் கேட்டும் எத்தனை வருஷம் தாங்குகின்றன என்று கடலோரத்தில் வீடு கட்டினவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

உப்பு சும்மா படிந்து கிடந்தால்கூடப் பரவாயில்லை. ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு அது தண்ணீராகிறது. அட்வெஞ்சர் பைக்கில் அலுமினியப் பாகத்துக்குள் இரும்பு போல்ட்டு இறங்குகிற இடங்கள் நிறைய. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரித்தான், அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைப் பொடியாகிப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் சர்வீஸுக்குக் கழற்றும்போது போல்ட்டுத் தலை மட்டும் ஸ்பானரோடு வந்துவிடும். மீதியை டிரில் போட்டு எடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலை ஆவது இப்படித்தான்.

அடுத்தது ஸ்போக்ஸ். மலைக்கும் காட்டுக்கும் ஸ்போக் வீல்தான் சரி, பள்ளத்தில் விழுந்தால் வளையும், உடையாது, தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்பது அட்வெஞ்சர்காரர்களின் பொதுவான பேச்சு. சரிதான். ஆனால் கடலோரத்தில் இதே பேச்சு கொஞ்சம் மாறுகிறது. ஸ்போக்ஸும் ரிம்மும் சேருகிற நிப்பிளில் துரு பிடித்து இறுகிவிட்டால் அப்புறம் டைட் பண்ணவும் முடியாது, லூஸ் பண்ணவும் முடியாது, ரிம் கோட்டம் எடுக்க வழியில்லை. ஹிமாலயன் 411-உம் ஹீரோ எக்ஸ்பல்ஸும் ஸ்போக் வண்டிகள். முதலில் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சர், சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், பிஎம்டபிள்யூ ஜி310 ஜிஎஸ் மூன்றும் அலாய் வீல், டியூப்லெஸ். தேங்காப்பட்டணத்திலோ ராஜாக்கமங்கலத்திலோ வீடு என்றால் நான் அலாய்க்கு ஒரு மதிப்பெண் கூடவே போடுவேன், காட்டுக்கு வருஷத்தில் நாலு தடவை போகிறவன் வீட்டில் மீதி நாள் முழுக்க உப்புக்காற்றில்தான் நிறுத்துகிறான் என்பதால்.

நாங்கள் முட்டம் போய்ப் பார்த்தோம். கூட வந்தது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பழக்கமான வொர்க்‌ஷாப் அண்ணன். டேங்க் கண்ணாடி மாதிரி மின்னியது, பாலிஷ் போட்டிருந்தார்கள். அண்ணன் டேங்கைப் பார்க்கவே இல்லை, நேராகக் குனிந்து ஸ்போக்ஸைத் தடவினார், கேலிப்பர் பின் இரண்டையும் பார்த்தார், சீட்டைக் கழற்றி பேட்டரி பக்கத்து கனெக்டர் ஒன்றைப் பிரித்தார். உள்ளே பச்சை. செம்பில் களிம்பு ஏறினால் வருமே, அந்தப் பச்சை. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் நின்றது. என்னிடம் மெதுவாக, "மக்கா, சேத்துல ஓடுன வண்டியக் கண்டு பயராத. ஓடாம நிண்ண வண்டியக் கண்டாத்தான் எனக்குப் பயம்" என்றார்.

ஓடாமல் நிற்பது எப்படி ஒரு வண்டியைக் கெடுக்கும் என்று சித்தப்பா மகனுக்குப் புரியவில்லை, நிறையப் பேருக்குப் புரிவதில்லை. நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே பழைய வண்டிச் சந்தையில் லீவுக்கு மட்டும் ஓட்டின கல்ஃப் வண்டிகள் நிறைய வரும், எல்லாவற்றிலும் கிலோமீட்டர் குறைவு, எல்லாவற்றுக்கும் விலை அதிகம். பெட்ரோலிலிருந்தே தொடங்குவோம். இன்று பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், 20 சதவீதம் வரை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் கடலோரத்தில் நின்றால், ஈரம் ஒரு அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அடியில்தான் ஃப்யூவல் பம்ப் இருக்கிறது. டேங்க் இரும்பு, உள்ளே துரு, துரு போய் பம்ப் ஃபில்டரில். மேலே சொன்ன டாடா ஏஸ் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரேக் ஆயிலும் அப்படியே ஈரம் இழுக்கிற சரக்குதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பேட்டரி செத்திருக்கும், அது சின்ன விஷயம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம், பட்டன் எல்லாம் புதிதாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. அந்த முட்டம் வண்டியின் டயர் இரண்டும் கம்பெனியிலிருந்து வந்த அதே டயர்கள். இன்னொரு சங்கதி, 411-க்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்பது வண்டி வந்தபோது பெரிதாகப் பேசப்பட்ட விஷயம். 11,000 ஓடிய வண்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறு வருஷத்தில் எத்தனை தடவை ஆயில் மாற்றியிருப்பார்கள்? சர்வீஸ் புத்தகம் கேட்டோம். "எங்கயோ இருக்கு, தேடணும்" என்றார்கள் வீட்டில் இருந்தவர்கள், பாவம், அவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இங்கே இன்ஜின் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிமாலயன் 411 சிசிக்கு 24.5 குதிரைத்திறன் தருகிறது, ஒரு லிட்டர் (1000 சிசி) இன்ஜின் அளவுக்குக் கணக்கிட்டால் சுமார் 60. பழைய 390 அட்வெஞ்சர் 373 சிசியில் 43 தருகிறது, லிட்டருக்கு 115. கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதை வைத்து ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று சொல்ல முடியாது, நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவருக்கு எது சுகம் என்று தெரியும். ஆனால் பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இந்த எண் வேறு ஒன்றைச் சொல்கிறது. முன்னால் வைத்திருந்தவர் ஆயில் மாற்றத் தவறினால் சோம்பேறி இன்ஜின் பொறுத்துக்கொள்ளும், சுறுசுறுப்பான இன்ஜின் கணக்கு எழுதி வைத்து உங்களிடம் வசூலிக்கும். அதனால் 390 வாங்கப்போனால் சர்வீஸ் பில்கள் இல்லாமல் நான் பேச்சையே ஆரம்பிக்க மாட்டேன். 411 என்றால் பில் இல்லாவிட்டாலும் ஓட்டிப் பார்த்துவிட்டு யோசிப்பேன். 390-இல் கூலன்ட், ரேடியேட்டர், ஃபேன் என்று பார்ப்பதற்கு இன்னும் மூன்று விஷயம் உண்டு. வடசேரியில் சாயங்கால நெரிசலில் பத்து நிமிஷம் உருட்டிப் பாருங்கள், ஃபேன் சுற்றுகிறதா, சுற்றினதும் சூடு இறங்குகிறதா, ஐடிலில் ஆஃப் ஆகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கடலோர வண்டி என்றால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் விரலால் தொட்டதும் உதிர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

கேடிஎம் பற்றி எல்லாரும் கேட்கிற இன்னொரு கேள்வி: "கம்பெனியே திவாலாகிட்டுன்னாவளே, ஸ்பேர் கிடைக்குமா?" 2024 நவம்பர் கடைசியில் ஆஸ்திரியாவில் இருக்கிற தாய் நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனது உண்மை. 2025-இல் பஜாஜ் பணம் போட்டு அதை மீட்டது. ஆனால் இங்கே ஓடுகிற 390-கள் எல்லாம் பஜாஜின் சாக்கன் ஆலையில் செய்யப்பட்டவை, ஆஸ்திரியாவில் என்ன நடந்தாலும் டியூக்கின் கிளட்ச் பிளேட் அங்கிருந்து வரப்போவதில்லை. டியூக் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய 390 அட்வெஞ்சரில் இருப்பது டியூக் 390-இன் இன்ஜின், டியூக்கோ தெருவுக்கு ஒன்று நிற்கிறது. வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் ஜிக்ஸர் 250-இன் இன்ஜின். ஜி310 ஜிஎஸ் ஓசூரில் டிவிஎஸ் செய்த வண்டி, அதே இன்ஜின் குடும்பம்தான் அப்பாச்சி ஆர்ஆர் 310-இலும். 411-இன் இன்ஜினோடு ஸ்க்ராம் 411-உம் வந்தது, 2025-இல் அதன் இடத்துக்கு வந்த ஸ்க்ராம் 440-இலும் அதே இன்ஜின் குடும்பம்தான். ஒரு அட்வெஞ்சர் பைக் அபூர்வமாக இருக்கலாம், அதன் இன்ஜின் அபூர்வமாக இருக்கக்கூடாது. கவாசாகி வெர்சிஸ்-எக்ஸ் 300 மாதிரி ஒரு வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் விலையை விடுங்கள், முன்பக்க இண்டிகேட்டர் உடைந்தால் எத்தனை வாரம், அதற்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள், மதுரை இருநூற்று நாற்பது. சர்வீஸுக்கு ஒவ்வொரு தடவையும் இதில் ஒன்றுக்குப் போய்வர முடியுமா என்பதும் நம்பகத்தின் கணக்கில்தான் சேரும்.

சேற்று வண்டிகளுக்கு வருகிறேன். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் ஹீரோ எக்ஸ்பல்ஸ் நிறைய ஓடுகிறது. பால்வெட்டுக்கு விடிவதற்கு முன்பே போகிறவர்கள், எஸ்டேட் சூப்பர்வைசர்கள், வனத்தை ஒட்டி வீடு இருக்கிறவர்கள். 2019 மே மாதம் வந்த வண்டி, 2021 கடைசியில் நாலு வால்வு ஆனது. 200 சிசி, கூலன்ட் இல்லாத இன்ஜின், எடை 150 கிலோ சொச்சம், விழுந்தால் ஒரே ஆள் தூக்கிவிடலாம். இந்த வண்டிகளைப் போட்டோவில் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள். மட்கார்டில் செம்மண், ஹேண்ட் கார்டு உடைந்து கம்பி கட்டியிருக்கும், சைலென்சரில் ஏதோ ஒரு கல்லின் ஞாபகம். ஆனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் போயிருப்பவை செயின் செட், வீல் பேரிங், ஃபோர்க் ஆயில் சீல், பிரேக் பேட், கிளட்ச் கேபிள். எல்லாம் தேயவே செய்த பாகங்கள், எல்லாம் கடையில் தொங்குகின்றன, எவ்வளவு செலவு என்று வாங்குவதற்கு முன்பே ஒரு பேப்பரில் எழுதிவிடலாம். தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் பழையதாகாது, பேட்டரி சாகாது, கனெக்டரில் ஏதாவது கோளாறு இருந்தால் முன்னாலேயே காட்டியிருக்கும், அந்த ஆளும் காலை நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆகாத வண்டியை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதற்கும் எல்லை உண்டு. பேச்சிப்பாறை மழையும் சாதாரணமில்லை, இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டும் நனைக்கிற ஊர். ஃபோர்க் குழாயில் நீளவாட்டில் கோடு விழுந்திருந்தால் சீல் மாற்றினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஃபுட்ரெஸ்ட் சேருகிற இடத்திலும் பின் சப்ஃபிரேமிலும் வெல்டிங் வைத்த அடையாளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், புது பெயின்ட் திட்டாகத் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகிற குழாயில், விரலால் தடவினால் மண் வரக்கூடாது. வந்தால் அந்த இன்ஜின் மண்ணைத் தின்றிருக்கிறது. பேரம் பேசாமல் சாயா குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

வெள்ளத்தில் முங்கின வண்டி தனி ரகம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில், 2021 நவம்பரில் நம் மாவட்டத்திலேயே. பெரும்பாலும் கழுவித் துடைத்து விற்றுவிடுவார்கள். ஹெட்லைட்டுக்குள்ளே ஒரு மங்கலான கோடு, ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் வேர்த்த தடம், டேங்குக்கு அடியில் வயரிங் இடுக்கில் காய்ந்த வண்டல், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் விடுங்கள்.

கன்னியாகுமரியில் இருப்பதால் நமக்கு மட்டும் கிடைக்கிற இன்னொரு ரகம் இருக்கிறது, ஸ்ரீநகரிலிருந்து இங்கே முடிகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து சேர்ந்த வண்டிகள். கர்துங்லா ஸ்டிக்கர், மூன்று பெட்டி, நாலு லைட்டு. நம் பையன்களும் போய்வந்துவிட்டு இரண்டு வருஷத்தில் கல்யாணம், கார் என்று விற்கிறார்கள். 'லடாக் போன வண்டி' என்றால் சிலர் பயப்படுகிறார்கள், சிலர் அதற்காகவே கூடுதல் காசு கொடுக்கிறார்கள், எனக்கு இரண்டும் தேவையில்லாத உணர்ச்சி. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 8,000 கிலோமீட்டர், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓடிய 3,000-ஐவிட இன்ஜினுக்கு எளிது. நான் பார்ப்பது அந்த நாலு லைட்டைத்தான். அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தார்கள்? தனி ரிலே, ஃபியூஸ், ஒழுங்கான சாக்கெட் என்றால் சந்தோஷம். கம்பெனி வயரை நடுவில் வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால், அதுவும் உப்புக்காற்றில், அந்த டேப்புக்குள் என்ன நடக்கிறது என்று அண்ணன் காட்டிய பச்சையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி அட்வெஞ்சர் பைக்குகளின் 'எலெக்ட்ரிக்கல் பிரச்சினை' கம்பெனி செய்ததில்லை, ஓனர் காசு கொடுத்துச் செய்துகொண்டது என்பது என் சந்தேகம்.

காகித விஷயம் சுருக்கமாக. டிஎன் 74, டிஎன் 75 என்றால் நாகர்கோவில், மார்த்தாண்டம், வேலை எளிது: பெயர் மாற்றப் படிவம் 29, 30, கடன் இருந்தால் 35. எல்லை தாண்டிப் பாறசாலை கேஎல் 19, நெய்யாற்றின்கரை கேஎல் 20, இங்கெல்லாம் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியைத் திரும்பக் கட்டிவிட்டுப் பார்த்தால் அந்தக் குறைவு எங்கே போனது என்று தேடவேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள், பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம்.

பார்க்கப் போகும்போது 'நான் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் ஏன் சூடு பண்ணினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. முட்டத்தில் இன்ஜின் சூடாகத்தான் இருந்தது.

அந்த வண்டிக்கு நாங்கள் போட்ட கணக்கு: ஸ்போக் செட் இரண்டு சக்கரத்துக்கும், டயர் இரண்டு, கேலிப்பர் கழற்றிச் சுத்தம், பிரேக் ஆயில், பேட்டரி, டேங்க் இறக்கி பம்ப் ஃபில்டர், கனெக்டர் எல்லாம் திறந்து துடைத்தல், அப்புறம் எந்தப் போல்ட்டு உடையும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நெட்டில் திட்டுகிற கோன் செட் நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம். சித்தப்பா மகன் முகம் வாடித்தான் திரும்பினான். ஒரு மாதம் கழித்து திருவட்டார் பக்கம் 34,000 கிலோமீட்டர் ஓடின ஒரு எக்ஸ்பல்ஸ், நாலு வால்வு, ஒரு தோட்டக்காரரிடமிருந்து வாங்கினான். செயின் செட்டும் வீல் பேரிங்கும் ஃபோர்க் சீலும் மாற்றினோம், பேப்பரில் எழுதின தொகையைவிடச் சில நூறு ரூபாய்தான் கூட ஆனது. நாலு வழிச் சாலையில் எண்பதுக்கு மேல் போனால் நடுங்குகிறது என்று வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவான். அது நியாயம்தான், 200 சிசி.

நேற்று ராத்திரி மறுபடி ஒரு போட்டோ அனுப்பினான். அதே கார் போர்ச், அதே ஹிமாலயன், விலை பதினைந்தாயிரம் குறைத்திருக்கிறார்கள், டேங்க் இன்னும் மின்னுகிறது. "அண்ணே, ஸ்போக்ஸ் மட்டும் மாத்துனா போருமா?"